மரம் நடும் குழுக்களின் ஒன்றுகூடல்: ஊர்ச்சனத்தை எப்பிடிச் சேர்க்கிறது?

வடலி

வணக்கம். யாழ். நகரம், நல்லூர், கோப்பாய்ப் பக்கம் மரம் நடுகிற 12 குழுக்கள் ஒருநாள் ஒண்டாக் கூடிக் கதைப்பம் எண்டு யோசிச்சிருக்கிறம். விளையாட்டுக் கழகங்கள், பழைய மாணவர் சங்கங்கள், ரெண்டு சனசமூக நிலையம், ஒரு மாதர் சங்கம், எல்லாமாச் சேர்த்து 60 பேர் வருவினம். புரட்டாதியில வைச்சால் கார்த்திகை மரநடுகை மாதத்துக்கு முன்னம் எல்லாம் ஒழுங்காகும் எண்டது இப்போதைய திட்டம்.

கதைக்க வேண்டியது ஒரே விஷயம்தான். நடுகிற அண்டைக்குச் சனம் வருது. அடுத்த ஆவணியில போய்ப் பார்த்தால் கன்றைச் சுத்திக் கட்டின கூடு நிக்குது, கன்று இல்லை. அந்தத் தெருவில இருக்கிற ஆக்களே பொறுப்பெடுக்கிற மாதிரி இந்த ஒன்றுகூடலை எப்பிடி நடத்தலாம்? ஆரைக் கூப்பிட வேணும், எவ்வளவு நேரம், என்ன கதைக்கிறது எண்டு அனுபவமுள்ள ஆக்கள் விபரமாச் சொல்லுங்கோ.

செம்பாட்டான்

முதலில் மாதத்தை மாற்றுங்கள். புரட்டாதி பிந்திவிடும். வீதியோரம் நடுவதற்கான அனுமதிக் கடிதம், கன்று, கூடு மூன்றுக்கும் 4 மாதமாவது வேண்டும். ஆடி அமாவாசை கழிந்தால் நல்லூர்க் கோயில் கொடியேற்றம், பிறகு 25 நாளும் ஒருவரையும் பிடிக்க முடியாது. புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரிக்கப் போகிறவர்கள் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். ஆனி கடைசியில் வையுங்கள். கோடை உச்சத்தில் எந்தக் கன்று நிற்கிறது, எது போய்விட்டது என்று கண்ணால் காட்டலாம். அதே நேரத்தில் வேப்பம்பழமும் விழத் தொடங்கும், வந்தவர்கள் கையோடு விதை பொறுக்கிக்கொண்டு போகலாம்.

யாரைக் கூப்பிடுவது என்பதுதான் அடுத்தது. 60 பேரும் மரம் நடுகிறவர்களாகவே இருந்தால் ஏற்கெனவே தெரிந்ததைத்தான் ஒருவருக்கொருவர் சொல்வீர்கள். பாதி இடத்தை மற்றவர்களுக்கு விடுங்கள். வீதியோரம் புல்லு வெட்டுகிற சபைத் தொழிலாளர்கள், மின்கம்பிக்குக் கிளை வெட்டுகிற பகுதியின் மேற்பார்வையாளர், தண்ணீர் பௌசர் ஓட்டுநர், சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரர், கடைக்காரர் சங்கம், கோயில் பரிபாலன சபை, கிராம அலுவலர், ஆடு வளர்க்கிற நாலைந்து வீட்டார். மரத்தைக் காப்பதும் கெடுப்பதும் இவர்கள் கையில்தான் இருக்கிறது. தொழிலாளர்களுக்கு அன்றைய நாட்சம்பளம் வெட்டுப்படாமல் சபைச் செயலாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் காலை 7 மணி தொடக்கம் மதியம் 12 வரை போதும். 7 மணிக்கே மண்டபத்துக்குள் போகவேண்டாம். போன கார்த்திகையில் நட்ட ஒரு தெருவில் முதல் ஒன்றரை மணித்தியாலம் நடவுங்கள். 10 பேருக்கு ஒரு குழு, ஒவ்வொன்றிலும் அந்தத் தெருவாசி ஒருவர். செத்த கன்றுகளில் நாலைந்தை வேரோடு கிண்டி எடுத்து வந்து, மண்டபத்தில் சாக்கு விரித்து வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றும் ஏன் செத்தது என்று அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள்.

என்னென்ன தெரியும் என்று சொல்கிறேன். வேர் பையின் வடிவத்திலேயே சுருண்டு கிடந்தால், பொலித்தீனைக் கழற்றியும் சுருளை வெட்டாமல் நட்டிருக்கிறார்கள். பை அடியிலிருந்து ஒரு அங்குலத்தை வேரோடு அரிந்து, பக்கத்தில் இரண்டு மூன்று இடத்தில் நெடுக்காகக் கீறிவிட்டு நட்டிருக்க வேண்டும். அடித்தண்டில், நிலத்திலிருந்து இரண்டு விரல் உயரத்தில் பட்டை வளையமாக உரிந்திருந்தால் அது புல்லு வெட்டும் மெசினின் நைலோன் நூல். மேலே இலை பச்சையாகவே கொஞ்சக் காலம் நிற்பதால் ஒருவருக்கும் காரணம் பிடிபடுவதில்லை. தண்டு மண்ணுக்குள் நாலு அங்குலம் புதைந்து அழுகியிருந்தால் ஆழமாக நட்டது. நுனி பிய்ந்து கிழிந்திருந்தால் ஆடு. சணல் கயிறு தண்டுக்குள் இறங்கியிருந்தால் கட்டினவர் திரும்பி வரவில்லை என்று அர்த்தம்.

மெசின் பிடிக்கிற தொழிலாளி அந்த வளையத்தைத் தன் கையால் தடவிப் பார்த்தால் போதும். மண்டபத்தில் அரை மணி நேரம் பேசுவதால் அது வராது.

மிச்ச நேரத்தில் தெருத் தெருவாக மேசை போட்டு, அந்தந்தத் தெருவின் வரைபடத்தைப் பெரிதாக வரைந்து வைத்துக் கதையுங்கள். பிரதம விருந்தினர் உரை, பொன்னாடை எல்லாம் வேண்டாம். அதிகாரிகள் வந்தால் அவர்களும் மேசையில் கதிரை போட்டு இருக்கட்டும்.

கிணற்றடி

செம்பாட்டான் சொன்னதோட தண்ணிக் கணக்கையும் ஒண்டுக்கு ரெண்டுதரம் பாருங்கோ. அதுக்குப் பிறகு எத்தினை கன்று எண்டு முடிவெடுங்கோ.

எங்கட செம்பாட்டு மண்ணில முதல் கோடைக்கு ஒரு கன்றுக்குக் கிழமைக்கு 20 லீற்றர், 10 லீற்றர் வாளி ரெண்டுதரம். மணல் பக்கமெண்டால் அதே 20ஐ மூண்டாப் பிரிச்சு ஊத்த வேணும், ஒரேயடியா ஊத்தினால் வேருக்குக் கீழ இறங்கிப் போகும். மாசி தொடக்கம் புரட்டாதி மட்டும், சித்திரையில பெய்யிற மழைக் கிழமைகளைக் கழிச்சால், 30 கிழமை வரும். ஒரு கன்றுக்கு 600 லீற்றர். 200 கன்று நட்டால் கிழமைக்கு 4000 லீற்றர், கோடை முழுக்க 1,20,000 லீற்றர். எந்தக் கழகத்தாலும் இது ஏலாது. பௌசர் பிடிச்சால் வைகாசிக்குள்ள காசு முடியும். சோளகக் காத்து அடிக்கத் தொடங்கினாப் பிறகுதான் கன்றுக்குத் தண்ணி கூட வேணும், சரியா அந்த நேரத்திலதான் பௌசர் நிண்டுபோகும்.

இதையே வீட்டுக்கு மூண்டு கன்று எண்டு பிரிச்சுப் பாருங்கோ. ஒரு வீட்டுக்குக் கிழமைக்கு ஆறு வாளி. ஆரும் மாட்டன் எண்டு சொல்லமாட்டினம். ஆனபடியால் கன்றுக் கணக்கை வீட்டுக் கணக்கில இருந்து எடுங்கோ. தெருவில 14 வீடு சம்மதிச்சால் 42 கன்று, அதுக்கு மேல ஒண்டும் வேண்டாம். சம்மதம் எண்டால் ஆம்பிளையளிட்டக் கேட்கிற சம்மதம் இல்லை. தண்ணி அள்ளுறது கனவீட்டில பெண்கள்தான். அவையளிட்டப் பின்னேரம் மூண்டரைக்குப் பிறகு, சமையல் வேலை முடிய, வீட்டு வாசலில போய்க் கேளுங்கோ. பெரிய ஒன்றுகூடலுக்கு முன்னமே இந்த வீட்டுப் பயணத்தை முடிச்சுப்போட்டு, அந்தப் பட்டியலோட மண்டபத்துக்கு வாங்கோ.

பட்டியலில கிணறும் எழுத வேணும். தண்ணி வாயில வைச்சால் கரிக்குதோ எண்டு பாருங்கோ. கரிக்கிற கிணத்துத் தண்ணியை ஊத்தினால் இலை ஓரம் கருகி வரும், சனம் நோய் எண்டு நினைச்சு மருந்தடிக்கும். அந்தத் தெருவுக்குப் பூவரசு, புங்கை, வேம்பு எண்டு உவரைத் தாங்கிறதுகளை மட்டும் குடுங்கோ.

பாத்தி தண்டில இருந்து ஒன்றரை அடி சுத்தி. அதுக்குள்ள பூவரசங் குழையோ காய்ஞ்ச சருகோ மூண்டு அங்குலம் போட்டுத் தண்டில முட்டாமல் நாலு விரல் விலத்தி விடுங்கோ. தோட்டத்துக்குக் குழை தாழ்த்தின ஊருக்கு இதைப் பெரிசா விளங்கப்படுத்தத் தேவையில்லை. முதியவர் ஒராளைச் சொல்லச் சொன்னால் சனம் கேட்கும்.

கூடு: பச்சை வலை வேண்டாம். ஆடு ஒருக்கா இழுத்தால் கிழியும், பிறகு வாய்க்காலுக்குள்ள கிடக்கும். இரும்புக் கூடு களவு போகும், போகாட்டில் கழட்ட மறந்து மரத்தை நெரிக்கும். பனையின்ர கருக்குமட்டைதான் எங்களுக்குச் சரி. 5 அடி மட்டை 12 எடுத்து, அடிப்பக்கம் ஒரு அடியை நெருப்பில கருக்கிக்கொள்ளுங்கோ, கறையான் பிந்தித்தான் ஏறும். 3 அடி விட்டத்தில வட்டமா ஒரு அடி ஆழத்துக்கு இறக்கி, கருக்கு (பல்லு விளிம்பு) வெளியில பாக்கிற மாதிரி நிறுத்தி, கீழ, நடுவில, மேல எண்டு மூண்டு இடத்தில தும்புக்கயிறால இழுத்துக் கட்டுங்கோ. விட்டம் 3 அடிக்குக் குறைஞ்சால் ஆடு முன்னங்காலைத் தூக்கி வைச்சு நுனியைக் கடிக்கும். கட்டாக்காலி மாடு உரஞ்சிற சந்தியில மட்டும் ரெண்டு கதியால் (வேலித் தடி) கூடப் போடுங்கோ. இப்பிடிக் கட்டினால் ரெண்டு கோடை தாங்கும், அதுக்குள்ள கன்று ஆட்டின்ர வாய்க்கு மேல போயிடும்.

வடலி

மிச்சம் நன்றி. தண்ணிக் கணக்கைப் பார்த்தாப் பிறகு 1000 கன்று எண்ட எங்கட இலக்கை இறக்க வேண்டி வரும் போல. ஒண்டு கேட்கவேணும்: கடைக்காரர், வீட்டுக்காரர் சிலர் மரமே வேண்டாம் எண்டினம். சருகு, மதில் வெடிக்கும், கடைப்பலகை மறையும், கம்பியில முட்டும் எண்டு கனக்கக் காரணம். ஒன்றுகூடலில இவையளை எப்பிடிக் கையாளுறது?

சோளகம்

அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை. அதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். மரத்தின் நன்மை என்று எடுத்தவுடன் தொடங்கினால் கதவு மூடிவிடும். ஒன்றுகூடலில் ஒரு முழு மேசையை முறைப்பாட்டுக்கே ஒதுக்கி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என்ன செய்யலாம் என்று எழுதுங்கள்.

மதில்: ஆல், அரசு, புளி, இலுப்பை எல்லாம் மதிலோரத்துக்கு இல்லை. கோயில் வீதி, குளக்கரை, பள்ளிக்கூட மைதானம், மயானச் சுற்று என்று 30 அடி திறந்த இடத்துக்குத்தான். வேம்புக்கு மதிலிலிருந்து 10 அடியாவது விடுங்கள். அவ்வளவு இடமில்லாத ஒழுங்கையில் மரத்தை வளவுக்குள் கேளுங்கள். பல ஒழுங்கைகளுக்கு நிழல் வீட்டு வளவு மாவிலிருந்தும் வேம்பிலிருந்தும்தான் வருகிறது, நகர மரம் என்றால் வீதி மரம் மட்டும் என்று நினைக்கத் தேவையில்லை.

கம்பி: கம்பிக்குக் கீழே உயர்ந்த மரம் நட்டால் சில வருடத்தில் நடு உச்சியை வெட்டிவிடுவார்கள், வெட்டின இடத்தில் பலவீனமான கிளைகள் குலையாக வெடித்து அடுத்த புயலுக்கு முறியும். கம்பி போகிற பக்கத்தில் மாதுளை, நொச்சி, செவ்வரத்தை. மறுபக்கத்தில் வேம்பு, புங்கை, மருது, கொன்றை. வரைபடத்தில் கம்பிப் பக்கத்தைச் சிவப்புக் கோட்டால் கீறுங்கள், மின்சாரப் பகுதி ஆள் அங்கேயே இருந்து பிழையைத் திருத்தட்டும்.

கடைப்பலகை: கடை வாசலுக்கு நேரே நடாமல் இரண்டு கடைக்கும் இடைப்பட்ட எல்லையில் நடுங்கள். மூன்றாம் வருடத்திலிருந்து கீழ்க்கிளையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து 8 அடிக்கு மேல் கவடு தூக்கிவிட்டால் பலகை மரத்துக்குக் கீழே தெரியும். ஒரே வருடத்தில் மொட்டையடிக்க வேண்டாம், மொத்த உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு இலையாக இருக்க வேண்டும். இதை யார், எந்த மாதம் செய்வது என்று கடைக்காரரிடமே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வெட்டுகிற உரிமை தனக்கும் இருக்கிறது என்று தெரிந்தால் அவர் இரவில் சுடுநீர் ஊற்றமாட்டார்.

சருகு: கூட்டுகிறவருக்கு அது உண்மையான வேலை, சிறிய விஷயம் இல்லை. 50 மீற்றருக்கு ஒரு சருகுக் குழி, 3 அடி சதுரம், 2 அடி ஆழம். அது இல்லாவிட்டால் தெருவில் கொளுத்துவார்கள், கொளுத்துகிற இடம் பெரும்பாலும் மரத்தடிதான்.

கொனைனன்டைக் என்ற நகரக் காட்டியல் பேராசிரியர் 2021இல் சொன்ன 3-30-300 என்ற அளவுகோலை ஒரு விளையாட்டாகப் பயன்படுத்தலாம். வீட்டிலிருந்து பார்த்தால் 3 மரம், அயலில் நூற்றுக்கு 30 பங்கு நிழல், 300 மீற்றருக்குள் ஒரு பசுமையான வெளி. வந்தவர்கள் தங்கள் வாசலில் நின்று தெரிகிற மரத்தை முதல்நாளே எண்ணிக்கொண்டு வரட்டும். எண்ணிக்கையை வரைபடத்தில் குத்தினால் எந்தத் தெரு வெறுமை என்று விவாதமில்லாமல் தெரியும்.

அனுமதி: எந்த வீதி யாருடையது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெருந்தெரு வீதி அபிவிருத்தி அதிகார சபை, மாகாண வீதி மாகாணத் திணைக்களம், உள்ளூர் ஒழுங்கை மாநகர சபை அல்லது பிரதேச சபை. கடிதத்தில் வீதி அகலிப்புத் திட்டம் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். பத்து வருட மரத்தை அகலிப்பில் இழந்த தெருச்சனத்தை இரண்டாம் முறை கூப்பிட முடியாது.

செம்பாட்டான்

கன்று பற்றிச் சொல்ல விட்டுப்போனது. வேப்பம் விதைக்கு முளைக்கும் சக்தி கிழமைக் கணக்கில் போய்விடும். பழத்தோலை நீக்கிக் கழுவி, நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, இரண்டு கிழமைக்குள் பையில் போடுங்கள். நாவலும் இலுப்பையும் அப்படியே, காயவிட்டால் செத்துவிடும். புளி மட்டும் காத்திருக்கும். வீதிக்கு 3 அடிக் கன்று வேண்டும், ஆனியில் போட்ட வேம்பு அந்தக் கார்த்திகைக்கு அவ்வளவு உயரம் வராது. ஆகவே இந்த ஒன்றுகூடலில் விதைக்கிறது அடுத்த வருடத்துக்கு. இந்த வருடக் கன்றுக்கு இப்போதே நாற்றுமேடைகளிடம் எண்ணிக்கையும் இனமும் கொடுங்கள். கடைசி நேரத்தில் போனால் எது மிஞ்சியிருக்கிறதோ அதைத்தான் நடவேண்டி வரும்.

பனைக்குப் பையே வேண்டாம். விதையை நாலு அங்குல ஆழத்தில் 10 அடிக்கு ஒன்றாக நேரே ஊன்றுங்கள், முளை கீழ்நோக்கி ஆழமாக இறங்குவதால் இடம் மாற்ற முடியாது. ஊன்றின இடத்தில் அடையாளக் கட்டை நாட்டி அயலாருக்குச் சொல்லாவிட்டால் தைமாசம் கிழங்குக்காக யாராவது கிண்டிவிடுவார்கள். பெண்பனை, பலா, ஈரப்பலா வெட்டுவதற்குப் பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும் என்பதையும் அதே மேசையில் சொல்லிவையுங்கள், பலருக்குத் தெரியாது.

அடர்காடு வைக்கலாம் என்று ஒரு குழுவாவது கேட்கும். ஜப்பானிய அறிஞர் மியாவாக்கியின் முறையில் சதுர மீற்றருக்கு 3 கன்று என்றாலே ஒரு பரப்புக் காணிக்கு (ஏறத்தாழ 250 சதுர மீற்றர்) 750க்கு மேல் வரும். கிணற்றடியின் கணக்கை அதோடு பெருக்கிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நல்ல தண்ணிக் கிணறும் மோட்டரும் உள்ள இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

பள்ளமான தெருக்களில் குழிக்குள் இறக்கி நடவேண்டாம். 2020 மார்கழியில் புரெவிப் புயல் மழைக்குத் தண்ணி நின்ற இடங்களை ஊர்ச்சனத்திடம் கேட்டு வரைபடத்தில் நீலத்தால் குறியுங்கள். அங்கே அரை அடி மேடு போட்டு மேலே நட்டு, மருதும் நாவலும் கொடுங்கள்.

கிணற்றடி

கடைசியா அந்தப் பதிவுக் கொப்பி. மர இலக்கம், இடம், வீட்டார், கிணறு, நட்ட திகதி எண்டு ஐஞ்சு நிரல். பக்கத்தில மாசி, ஆவணி எண்டு ரெண்டு வருசத்துக்கு நாலு பார்வை நிரல். இலக்கத்தைச் சோடாப் பேணித் தகட்டில ஆணியாலை குத்தி, கூட்டில கட்டுங்கோ, தண்டில கட்ட வேண்டாம். கொப்பி தெருவிலயே ஒரு வீட்டில இருக்கட்டும், கழகத்து அலுமாரியில வேண்டாம். செத்த கன்றை "செத்தது" எண்டு எழுதி ஏன் எண்டும் எழுதச் சொல்லுங்கோ, அந்த வீட்டாரைக் குறை சொல்லாமல் அடுத்த மாரிக்கு வேற கன்று குடுங்கோ. குறை சொன்னால் அதுக்குப் பிறகு ஒருத்தரும் உண்மையை எழுதமாட்டினம்.