மூலப்படம், வழிப்படம்: பக்கம் கட்டும் மென்பொருளுக்குப் படம் கொண்டுவரும்போது

அனைவருக்கும் வணக்கம். படநூலகத்தில் உள்ள படத்தைப் பக்கத்தில் வைக்கும் கட்டளைக்கு மென்பொருள் பட்டியில் (மெனுவில்) என்ன தமிழ்ச்சொல் எழுதலாம் என்று இந்த இழையில் கேட்டிருந்தீர்கள். உங்கள் கேள்விகளை மேற்கோளாக வைத்துப் பதில் எழுதுகிறேன்.

> படநூலகத்திலிருந்து பக்க வடிவமைப்பு மென்பொருளுக்குப் படம் எடுப்பதை "முழுத்தர ஒளிப்பட இறக்குமதி" என்று வைத்துக்கொண்டால் போதாதா?

போதாது ஐயா. சொல்லில் இலக்கணக் குறை ஏதும் இல்லை. ஆனால் 'தரம்', 'இறக்குமதி' இரண்டுமே அங்கே நடக்கும் வேலையைத் தப்பாகக் காட்டுகின்றன. விழா மலர், இதழ், நூல் என்று பக்கம் கட்டுகிறவர்கள் கையாளப்போகும் சொல் இது. அவர்கள் திரையில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து பேசுவோம்.

முதலில் தரம். கூகுள் போட்டோஸில் 2021 வரை 'ஹை குவாலிட்டி' என்று ஒரு அமைப்பு இருந்தது. அது செய்த வேலையோ படத்தைச் சுருக்குவது. 16 மெகாபிக்சலைத் தாண்டிய படத்தை 16-க்குக் குறைத்து, கோப்பையும் அமுக்கி வைக்கும். அப்புறம் அவர்களே அதற்கு 'ஸ்டோரேஜ் சேவர்' என்று பெயர் மாற்றினார்கள். வாட்ஸ்அப்பில் 'எச்டி' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினாலும் அப்படித்தான்: படம் பெரிதாகப் போகும், ஆனால் கேமரா எழுதிய கோப்பு போகாது. அது வேண்டுமென்றால் ஆவணமாக இணைத்து அனுப்ப வேண்டும். தரம் என்பது ஒப்பிட்டுச் சொல்வது. எதோடு ஒப்பிட்டு என்பதை விற்பவர் சொல்லாமல் விட்டுவிடலாம். பட்டியில் 'முழுத்தரம்' என்று எழுதினால் படிப்பவர் நிம்மதியாகிவிடுவார். எந்தக் கோப்பு தன் கைக்கு வந்தது என்று கேட்க மாட்டார். கேட்க வைக்கும் சொல்தான் நமக்கு வேண்டும்.

ஆப்பிள் கணினிகளில் வரும் படநூலக மென்பொருளான ஆப்பிள் போட்டோஸை எடுத்துக்கொள்வோம். நம் பார்வைக்கு ஒரே படமாகத் தெரிவது உள்ளே பல கோப்புகளாக இருக்கிறது. படங்கள் எல்லாம் அடங்கிய களஞ்சியக் கோப்பின்மீது வலச்சொடுக்கி அதன் உள்ளடக்கத்தைத் திறந்தால் 'ஒரிஜினல்ஸ்' என்று ஓர் அடைவு (ஃபோல்டர்). கேமராவோ கைபேசியோ எழுதியது அங்கே இருக்கிறது, ஆனால் நாம் வைத்த பெயரில் இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட பெயரில். இன்னோர் இடத்தில் 'டெரிவேட்டிவ்ஸ்' என்று ஓர் அடைவு. திரையில் வேகமாகக் காட்டுவதற்காக மென்பொருள் தானே செய்துகொண்ட சின்னப் பிரதிகள் அதில் இருக்கின்றன. வட்டில் இடத்தை மிச்சப்படுத்தும் அமைப்பை இயக்கியிருந்தால் நிலைமை இன்னும் சிக்கல்: பெரிய கோப்பு ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுடில் மட்டும் இருக்கலாம், கணினியில் இருப்பது சிறிய பிரதி மட்டுமாக இருக்கலாம். திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

ஆக, பக்கம் கட்டுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி 'இது எந்தப் பிரதி?' என்பதுதான். இதற்கு நம் மரபிலேயே சொல் இருக்கிறது. நன்னூல் நூலை முதல், வழி, சார்பு என்று மூன்றாகப் பிரிக்கிறது. முதனூலை அடியொற்றி, வேண்டிய மாற்றங்களோடு எழுதப்படுவது வழிநூல். தொல்காப்பியம் வழிநூலை நான்காக வகுக்கும்போது தொகுத்தலை முதலில் வைக்கிறது, விரிந்ததைச் சுருக்கிச் சொல்வது. 'டெரிவேட்டிவ்ஸ்' அடைவில் இருப்பவை தொகுத்து எடுத்த வழிப்படங்கள் என்று சொன்னால் தமிழ் படித்த யாருக்கும் விளக்கம் வேண்டியிருக்காது. எனவே என் முதல் பரிந்துரை, *வழிப்படம்*.

அதற்கு இணையாக 'முதற்படம்' என்று சொல்ல ஆசைதான். ஆனால் நம் ஊரில் முதல் படம் என்றால் இயக்குநரின் அறிமுகத் திரைப்படம். குழப்பம் வேண்டாம். மூலநிரல் (சோர்ஸ் கோடு), திறமூலம் (ஓப்பன் சோர்ஸ்) என்று ஏற்கனவே வேரூன்றிய சொற்கள் இருப்பதால் *மூலப்படம்* போதும்.

> அசல், நகல் என்று எல்லோருக்கும் தெரிந்த சொல் இருக்கிறதே. அதைவிட்டு மூலம், வழி என்று ஏன் போக வேண்டும்?

நல்ல கேள்வி. பத்திரப் பதிவிலிருந்து ஜெராக்ஸ் கடை வரை அசலும் நகலும் புழங்குகின்றன. அரபு வழி வந்தவை என்பதற்காக அவற்றைத் தள்ளச் சொல்பவன் நானில்லை. என் தயக்கம் 'நகல்' மீதுதான். கணினியில் ஒரு கோப்பை நகலெடுத்தால் அசலும் நகலும் பிட்டுக்குப் பிட்டு ஒன்றே. அச்சுக்கு எதைக் கொடுத்தாலும் சரி. வழிப்படம் அப்படிப்பட்டதல்ல. படப்புள்ளிகள் (பிக்சல்கள்) குறைந்திருக்கும், அல்லது நிறம் மாறியிருக்கும், அல்லது ஓரம் வெட்டியிருக்கும். மூலப்படத்தின் நகலும் மூலப்படம்தான். வழிப்படத்தின் நகல் வழிப்படம்தான். இந்த வேறுபாட்டை அசல்–நகல் இணை தாங்காது.

முழுத்தரம் என்றாலே மூலப்படம்தானே என்று இழையில் இருவர் எழுதியிருந்தீர்கள். அங்கேதான் நான் அதிகம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

ஆப்பிள் போட்டோஸில் ஒருவர் படத்தை நேராக்கி, ஓரத்தில் வந்த மின்கம்பத்தை வெட்டி, இருண்ட முகத்தை வெளிச்சமாக்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றுமதிப் பட்டியில் அவருக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, மாற்றம் செய்யாத மூலத்தைத் தருவது. அதைத் தேர்ந்தெடுத்தால் மின்கம்பம் திரும்ப வந்துவிடும், முகமும் இருண்டுவிடும். மற்றது, திருத்தங்களோடு தருவது. அதில் ஜேபெக், டிஃப், பிஎன்ஜி என்று வகை கேட்கும், அளவு கேட்கும், ஜேபெக் என்றால் தரமும் கேட்கும். அளவை 'முழு அளவு' என்று வைத்து டிஃப் ஆக எடுத்தால் பக்கத்துக்கு வேண்டியது கிடைக்கும். இது மூலப்படமல்ல, வழிப்படம்தான். ஆனால் சிறுத்த வழிப்படமல்ல. இதை *முழு வழிப்படம்* என்றும், திரைக்காகச் சுருக்கியதைச் *சிறு வழிப்படம்* என்றும் பிரித்துச் சொல்லலாம். எந்த மரபில் வந்தது, எவ்வளவு பெரியது என்ற இரண்டையும் சொல்லிவிட்டால் தரம் என்ற சொல்லே தேவைப்படாது.

மலர் வேலையில் பெரும்பாலும் வேண்டியது முழு வழிப்படம்தான். பக்கம் கட்டுகிறவரே நிறம் சரிசெய்வார் என்றால் மட்டும் மூலப்படம் கேட்க வேண்டும்.

அடுத்து 'இறக்குமதி'. கேமராவிலிருந்து களஞ்சியத்துக்குப் படம் ஏற்றும்போது அந்தச் சொல் சரி. கோப்பு உண்மையிலேயே உள்ளே வந்து இறங்குகிறது. இன்டிசைன், ஸ்கிரைபஸ் போன்ற பக்கம் கட்டும் மென்பொருள்களில் அப்படி நடப்பதில்லை. பக்கத்தில் ஒரு சட்டம், சட்டத்துக்குள் ஒரு முன்தோற்றம், கோப்பு எங்கே இருக்கிறது என்ற முகவரி, அவ்வளவுதான். படம் தன் அடைவிலேயே கிடக்கும். அடைவை நகர்த்தினால் இன்டிசைனின் இணைப்புப் பலகத்தில் (வைத்த படங்களைப் பட்டியலிடும் இடத்தில்) சிவப்பு வட்டத்துக்குள் கேள்விக்குறி வந்துவிடும். 'இறக்குமதி செய்தாயிற்று' என்று நம்பி மூலக் கோப்புகளை அழித்துவிட்டு, பக்கத்தை மட்டும் அச்சகத்துக்குக் கொடுக்கும் விபத்துக்கு இந்தச் சொல்லும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

பக்கம் கட்டுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? 'படம் வை', 'படம் போடு'. கொஞ்சம் ஆங்கிலம் கலந்தால் 'பிளேஸ் பண்ணு'. 'வை' நல்ல வினை. முகவரியோடு வைத்தால் *இணைத்து வை*; கோப்பையே பக்கத்துக்குள் பொதிந்தால் *பதித்து வை*. இந்த இரண்டு போதும். நகலெடுத்து நேராகப் பக்கத்தில் ஒட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. இன்டிசைனில் அப்படி ஒட்டிய படம் பதிந்துவிடும்; இணைப்புப் பலகத்தில் அதற்குக் கோப்புப் பெயரே இருக்காது, பின்னால் மூலத்தைத் தேடிப் பிடிக்க வழியில்லை. களஞ்சியத்திலிருந்து சுட்டியால் இழுத்துப் போட்டால் எந்தப் பிரதி வரும் என்பது இரண்டு பக்கத்து மென்பொருளையும் அவற்றின் பதிப்பையும் பொறுத்தது. நம்பக்கூடாது. ஏற்றுமதி செய்து, வேலைக்கென்று ஒரு தனி அடைவில் போட்டு, அங்கிருந்து வைப்பதே பத்திரம்.

> பெயர்ச்சொல்லாக "மூலப்பட இணைவைப்பு" என்று சொல்லலாமே.

தயவுசெய்து வேண்டாம். தமிழ் முஸ்லிம்கள் புழங்கும் மொழியில் இணைவைத்தல் என்பது இறைவனுக்கு இணை கற்பிக்கும் பெரும்பாவம். பட்டியில் அந்தச் சொல் நின்றால் நம் வாசகர்களில் ஒரு பகுதியினருக்கு ஒவ்வொரு முறையும் உறுத்தும். 'மூலப்பட இணைப்பு' என்றே இருக்கட்டும். ஞாயிறு இணைப்பு, மின்னஞ்சல் இணைப்பு என்று அதற்கு வேறு பொருள்கள் இருந்தாலும் இடம் பார்த்துப் பொருள் விளங்கும்.

இனி, தரத்தை அளந்து சொல்லவே வேண்டிய ஓர் இடம் உண்டு, அங்கே மட்டும் எண் வேண்டும். 12 மெகாபிக்சல் ஐபோன் படம் ஒன்று, 4032-க்கு 3024 படப்புள்ளி. அதை ஏ4 பக்கத்தின் முழு அகலத்துக்கு, அதாவது 210 மில்லிமீட்டருக்கு வைக்கிறோம். இணைப்புப் பலகத்தில் இரண்டு எண் தெரியும்: ஒன்று 72, மற்றது ஏறக்குறைய 488. முதல் எண் கோப்பின்மேல் எழுதிவைத்த குறிப்பு மட்டும். படம் எந்த அளவில் அச்சாகும் என்பதை அது பார்ப்பதில்லை. இரண்டாவது எண்தான் பக்கத்தில் ஓர் அங்குலத்துக்கு உண்மையில் எத்தனை படப்புள்ளி விழுகிறது என்பது. 72-ஐப் பார்த்துப் பதறி, ஃபோட்டோஷாப்பில் இல்லாத புள்ளிகளைச் செயற்கையாக உண்டாக்கி 300 ஆக்கிக்கொண்டு வருபவர்கள் நிறையப் பேர். அதே படத்தின் 1024 அகலச் சிறு வழிப்படம் வந்திருந்தால் இரண்டாவது எண் 124 என்று காட்டும். அதைத்தான் திருப்பி அனுப்ப வேண்டும்.

முதலாவதைக் *குறிப்படர்வு*, இரண்டாவதை *அச்சடர்வு* என்று அழைக்கலாம். 'பிரிதிறன்' (ரெசல்யூஷன்) என்ற பாடநூல் சொல்லைக் கருவியின் ஆற்றலுக்கு விட்டுவிடுவோம். அச்சடர்வு 300 வேண்டும் என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது என்று இலங்கை நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். பளபளப்புத் தாளில் அங்குலத்துக்கு 150 கோடு ஸ்கிரீனில் (படத்தை அச்சுப் புள்ளிகளாக உடைக்கும் வலையில்) அச்சிடுகிறார்கள். அதன் இரு மடங்கு. செய்தித்தாளில் ஸ்கிரீன் 85 முதல் 100 வரை என்பதால் அங்கே 200 தாராளம்.

நான் மெய்ப்புப் பார்த்த பள்ளி மலர் ஒன்றில், பழைய மாணவர்கள் எடுத்துக்கொண்ட குழுப்படம் நடுப்பக்கத்தில் விரிந்து வந்திருந்தது. முகங்கள் எல்லாம் கட்டம் கட்டமாக. யாரோ வேர்டு கோப்புக்குள் ஒட்டி அனுப்பிய படம். வேர்டு சேமிக்கும்போதே படத்தைச் சுருக்கிவிடும் என்பது அனுப்பியவருக்குத் தெரியாது. திரையில் ஏன் யாரும் கவனிக்கவில்லை என்றால், இன்டிசைன் வழக்கமான காட்சி நிலையில் எல்லாப் படத்தையும் மங்கலாகத்தான் காட்டும். நல்லதும் கெட்டதும் ஒன்றுபோல் இருக்கும். பலகத்தில் அச்சடர்வைப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். ஸ்கிரைபஸ் முன்சோதனையில் இதைச் சுட்டிக்காட்டவும் செய்யும். அந்தக் கூட்டத்தில் இருந்த பலருக்கு அது மறுபடி கூடி எடுக்க முடியாத படம்.

மங்கலான படத்தை வைத்துப் பக்கம் கட்டுவது தன்னளவில் தப்பில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கணினிகளுக்கு வலு குறைந்திருந்த காலத்தில் அதுவே முறை. பேஜ்மேக்கர் என்ற பழைய பக்கம் கட்டும் மென்பொருளை உருவாக்கிய ஆல்டஸ் நிறுவனம் இதற்கென்றே ஒரு நெறியை வகுத்தது: வடிவமைப்பாளர் சிறிய படத்தை வைத்து வேலை செய்வார், வெளியீட்டின்போது பெரிய படம் அந்த இடத்தில் வந்து உட்காரும். பேருந்து இருக்கையில் துண்டு போட்டு வைப்பது போல. அந்தச் சிறிய படத்துக்கு *இடம்பிடிப் படம்* என்று பெயர் வைக்கலாம் என்பது என் ஆசை. அப்படிப் பெயர் எழுதி வைத்திருந்த வரை யாரும் ஏமாறவில்லை. அது அச்சுக்குப் போகாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நிழற்படமா, புகைப்படமா, ஒளிப்படமா என்ற வாதத்தை இங்கே தொட வேண்டாம். கூட்டுச்சொல்லில் 'படம்' போதும். நூலகம் என்பதற்குப் பதில் *படக்களஞ்சியம்* என்று எழுதிவருகிறேன், 'நூல்' இல்லாத இடத்தில் நூலகம் ஏன் என்பதற்காக. பெரிய பிடிவாதம் இல்லை. 'பக்க வடிவமைப்பு மென்பொருள்' என்பதைவிடப் *பக்கம் கட்டும் மென்பொருள்* எனக்குப் பிடிக்கும். ஈய எழுத்துகளைக் கோத்துக் கயிற்றால் கட்டிய காலத்திலிருந்து அச்சகங்களில் வாழும் சொல் அது.

ஆக, கேட்கப்பட்ட கட்டளைக்கு என் பரிந்துரை: *மூலப்படத்தை இணைத்து வை*. திருத்தங்களோடு வேண்டும் என்ற தேர்வுக்கு *முழு வழிப்படத்தை இணைத்து வை*. பட்டியில் இடம் போதவில்லை என்றால் 'மூலத்தை வை', 'முழு வழியை வை' என்று குறுக்கலாம், ஆனால் 'முழுத்தரம்' என்று மட்டும் மாற்ற வேண்டாம்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சில கேமராக்கள் ஒரே சொடுக்கில் ரா கோப்பும் (கேமரா பதப்படுத்தாமல் எழுதுவது) ஜேபெக் கோப்புமாக இரண்டை எழுதுகின்றன. போட்டோஸில் இந்த இரண்டில் எதை மூலமாகக் கொள்வது என்று பயனரே பட்டியில் தேர்ந்தெடுக்கலாம். இன்டிசைனோ ராவை நேராக ஏற்பதில்லை. கேமரா எழுதியதால் இரண்டும் மூலப்படமா? அல்லது ரா மட்டும் மூலம், ஜேபெக் கேமராவே செய்து கொடுத்த முழு வழிப்படமா? நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். ராவுக்குக் 'கச்சாப்படம்' என்று முன்பொரு இழையில் யாரோ எழுதிய நினைவு. கச்சா எண்ணெய் என்ற வழக்கு இருப்பதால் கேட்டவுடன் புரிகிறது. கேமரா வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அதன்பிறகு எல்லாவற்றையும் சேர்த்துச் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.