அம்மா வீடு குழு: ஞாயிறு சோலார் வேலை

அக்கா: சோலார் ஆட்கள் ஞாயிறு காலை 8 மணிக்கு வருகிறார்களாம். 12 பேனல். சாமான் எல்லாம் வந்து இறங்கிவிட்டது. அன்றைக்கு யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும்.

அக்கா: (படம்)

அக்கா: (படம்)

பெரியண்ணன்: நல்லது

சித்தி: ஒருவழியாக நடக்கிறதே. சந்தோஷம்.

நான்: அக்கா, இரண்டாவது படத்தில் நீள ஸ்க்ரூ ஒரு பெட்டி நிறைய இருக்கிறதே, எதற்கு?

அக்கா: கூரையில் முடுக்கத்தான். எல் வடிவ பிராக்கெட் வைத்து, தகடு வழியாகக் கீழே இருக்கும் பர்லினில், அதாவது தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில், இறக்குவார்களாம். ரப்பர் வாஷர் இருப்பதால் ஒழுகாதாம்.

மாமா: வேண்டாம்.

மாமா: அந்தக் கூரையில் ஒரு துளைகூடப் போட விடாதீர்கள். எழுதுகிறேன், இருங்கள்.

அக்கா: அவர்கள் பெரிய பெரிய ஷெட்டில் எல்லாம் போட்டிருக்கிறார்களாம் மாமா

குட்டி: தாத்தா 6 நிமிடமாக எழுதிக்கொண்டிருக்கிறார்

மாமா: ஷெட்டில் போட்டிருப்பார்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஷெட்டில் இருப்பது மேலே ஸ்க்ரூ தெரிகிற நெளிவுத் தகடு. அதில் ஏற்கெனவே நூறு துளை இருக்கும், இன்னும் நாலு போட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. நம்முடையது ஸ்டாண்டிங் சீம். ஒவ்வொரு தகட்டின் ஓரமும் மேல்நோக்கி எழுந்து, பக்கத்துத் தகட்டின் ஓரத்தோடு சேர்த்து மடித்திருக்கும். வெளியே ஒரு ஸ்க்ரூகூட தெரியாது. மடிப்புக்குள் மறைந்திருக்கும் கிளிப்தான் தகட்டைப் பர்லினோடு பிடித்திருக்கிறது. தண்ணீர் ஓடும் இடத்தில் துளையே இல்லை என்பதுதான் அந்தக் கூரையின் உயிர். அதை அப்படி அமைக்க உங்கள் அப்பா எவ்வளவு பாடுபட்டார் என்று எனக்குத் தெரியும். கூட நின்றவன் நான்.

சித்தி: டிஷ் ஆன்டெனா கதை அதற்குள் மறந்துவிட்டதா எல்லோருக்கும்?

பெரியண்ணன்: சித்தி, அதை ஏன் இப்போது இழுக்கிறீர்கள்

சித்தி: நான் யாரையும் சொல்லவில்லை. நாலே நாலு ஸ்க்ரூ. அவ்வளவுதான் சொன்னேன்.

அக்கா: அப்பாவின் டைரிகள் இருந்த அலமாரிக்கு நேர் மேலே

பெரியண்ணன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா: (குரல் பதிவு, 0:52)

நான்: கேட்க முடியாதவர்களுக்கு: டைரி போனது போகட்டும், யாரும் யாரையும் குத்திக்காட்ட வேண்டாம், தம்பி சொல்வதை முழுதாகக் கேளுங்கள் என்கிறார். கடைசியில் அத்தையின் கண் ஆபரேஷன் எப்போது என்று கேட்கிறார்.

சித்தி: வியாழன். நான்தான் கூடப் போகிறேன்.

அக்கா: நானும் வருகிறேன் சித்தி

மாமா: அந்த நாலு ஸ்க்ரூவும் முதல் வருடம் ஒழுகவில்லை, ஞாபகம் இருக்கிறதா? அதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். தகடு வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். 10 மீட்டர் இரும்புத் தகட்டில் விடிகாலைக்கும் உச்சி வெயிலுக்கும் 50 டிகிரி வித்தியாசம் என்றால் 6 மி.மீ. நகரும். அலுமினியத் தகடாக இருந்தால் அதற்கு இரண்டு மடங்கு. உள்ளே இருக்கும் கிளிப் அந்த நகர்வுக்கு இடம் கொடுக்கிறது. பர்லினில் இறங்கிய ஸ்க்ரூ கொடுக்காது. தினமும் இழுபட்டு இழுபட்டு வட்டத் துளை நீளத் துளையாகிவிடும். ரப்பரும் காய்ந்து இறுகிப்போகும். அப்புறம் வாஷர் என்ன செய்யும்?

நான்: அப்படியானால் பேனலை எதில்தான் மாட்டுவது மாமா?

மாமா: மடிப்பிலேயே. அதற்கென்றே கிளாம்ப் இருக்கிறது. அலுமினியத் துண்டு, நடுவில் பள்ளம். மடிப்பின் மேல் கவிழ்த்து வைத்து, பக்கவாட்டில் செட் ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். அதன் முனை கூராக இருக்கக் கூடாது, உருண்டையாக இருக்க வேண்டும். உருண்டை முனை தகட்டைக் குழித்துப் பிடிக்கும், துளைக்காது. கிளாம்ப் மேல் ரெயில் என்கிற நீளச் சட்டம், ரெயில் மேல் பேனல். மடிப்பின் இடைவெளி ஒத்துவந்தால் ரெயில் இல்லாமலேயே மாட்டும் வகையும் உண்டு.

அத்தான்: மன்னிக்கவும், ஒரு சந்தேகம். அரை மில்லிமீட்டர் தகட்டின் மடிப்பு 12 பேனலைத் தாங்குமா?

மாமா: நல்ல கேள்வி மாப்பிள்ளை. எடை பிரச்சினை இல்லை. ஒரு பேனல் 20 கிலோவுக்குச் சற்று மேல். ரெயில், கிளாம்ப் எல்லாம் சேர்த்தும் சதுர மீட்டருக்கு 15 கிலோவைத் தாண்டாது. காற்றுதான் பிரச்சினை. அது பேனலை மேலே தூக்கும். அந்த இழுப்பு கிளாம்புக்குப் போய், மடிப்புக்குப் போய், உள் கிளிப்புக்குப் போய், கடைசியில் பர்லினில் முடியும். கிளாம்ப் எவ்வளவு பலமானதாக இருந்தாலும் கீழே கிளிப் தாங்கும் அளவுதான் மொத்தப் பலம். அதனால் கிளாம்பைக் குறைத்து மிச்சம் பிடிக்க விடக் கூடாது. கூரையின் ஓரத்திலும் மூலையிலும் காற்று இன்னும் கடுமையாக இழுக்கும். மூலையை ஒட்டிப் பேனலே வேண்டாம், வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அங்கே கிளாம்பை நெருக்கிப் போட வேண்டும்.

அத்தான்: புரிகிறது

குட்டி: அம்மா, நேற்று வந்த அண்ணன் மேலே ஏறிப் பென்சிலால் குறியெல்லாம் போட்டுவிட்டுப் போனாரே

மாமா: பென்சிலாலா?

மாமா: உடனே துடைக்கச் சொல். நம் தகட்டில் பெயின்ட் கிடையாது. மேற்பூச்சில் 55 சதவீதம் அலுமினியம், மீதி பெரும்பாலும் துத்தநாகம். பென்சிலில் இருப்பது கிராஃபைட். ஈரம் பட்டால் அந்தக் கோடு இருக்கும் இடத்திலேயே பூச்சை அரிக்கும். மார்க்கர் பேனாதான் சரி. செம்பும் அதே மாதிரிதான், எர்த்துக்கு வரும் வெறும் செம்புக் கம்பி தகட்டில் படக் கூடாது. கூரை இரும்புதானே என்று எர்த்தையும் விட்டுவிடக் கூடாது, பேனல் சட்டத்துக்கும் ரெயிலுக்கும் தனியாக எர்த் இழுக்க வேண்டும். அப்புறம் மேலே உட்கார்ந்து கிரைண்டரில் ரெயில் வெட்ட விடாதீர்கள். பொறியும் துருவலும் தகட்டில் ஒட்டி, ஒரு மழைக்குள் துருப் புள்ளியாக நிற்கும்.

நான்: குட்டி, நீ ஏறாதே

குட்டி: நான் ஏறவில்லை, கீழே நின்று பார்த்தேன்

சித்தி: (படம்)

சித்தி: தேடி எடுத்தேன். கூரை போட்ட அன்றைக்கு எடுத்தது.

அக்கா: அப்பா

அக்கா: கையில் என்ன அது?

மாமா: மடிப்பு முடுக்கும் கருவி. கடைசி மூன்று மடிப்பை யாரிடமும் கொடுக்காமல் அவரே முடுக்கினார். பக்கத்தில் ஒல்லியாக நிற்பது நான்.

பெரியண்ணன்: ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பது நான்தானே?

சித்தி: நீதான். கீழே இறங்கி வா என்றாலும் வரமாட்டாய்.

பெரியண்ணன்: இதைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு அம்மா அறையில் மாட்டலாம். அசல் யாரிடம் இருக்கிறது சித்தி?

அத்தான்: ஞாயிறு வேலையைப் பற்றி முடிவு சொன்னால் நல்லது. அவர்களுக்கு இன்றே சொல்ல வேண்டும்.

அக்கா: போன் செய்தேன். கிளாம்ப் அவர்கள் கையில் இல்லையாம், வரவழைக்க வேண்டுமாம், பார்க்கலாம் என்கிறார்கள். கூடுதல் பணமும் ஆகும். முதலில் பேசிய கணக்கில் அது இல்லை.

பெரியண்ணன்: கிளாம்புக்கு ஆவதை நான் தருகிறேன்.

அக்கா: நீ ஏன் தனியாகத் தர வேண்டும், பங்கு போட்டுக்கொள்ளலாம்

பெரியண்ணன்: நான் தருகிறேன். பேச்சு வேண்டாம்.

சித்தி: அவன் சொல்வதைக் கேள்

மாமா: கிளாம்ப் என்று பொதுவாகச் சொல்லி வாங்கிவிடாதீர்கள். மடிப்பில் பல வகை உண்டு. நேராக நிற்பது, ஒரு மடி, இரட்டை மடி, உச்சியில் குமிழ் மாதிரி உருண்டது. ஒன்றுக்குச் செய்தது இன்னொன்றில் பிடிக்காது. குட்டி, பால்கனியில் நின்றால் கூரையின் ஓர முனை கண்ணுக்கு நேராகத் தெரியும். மடிப்பின் குறுக்குவெட்டு அங்கே இருக்கும். பக்கத்தில் ஸ்கேலை வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பு. உயரம், அகலம், ஒரு மடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி, மூன்றும் வேண்டும்.

குட்டி: (படம்)

மாமா: ஆடியிருக்கிறது. ஸ்கேலில் எண் தெரியவில்லை. மறுபடி எடு கண்ணா.

நான்: மாமா, முடுக்கும்போது கூட நின்று என்ன பார்க்க வேண்டும்?

மாமா: எவ்வளவு விசையில் முடுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் கையில் இருக்கிறதா என்று பார். இம்பாக்ட் மெஷினோடு வந்து டர்ரென்று முடித்துவிட்டுப் போகக் கூடாது. தகட்டின் உலோகம், தடிமன் பொறுத்து எவ்வளவு முடுக்க வேண்டும் என்று கிளாம்ப் செய்தவர்களே அட்டவணை கொடுப்பார்கள். ஒருமுறை முடுக்கியதும் மடிப்பு அமுங்கிப் பிடி கொஞ்சம் தளரும், அதனால் திரும்ப ஒரு சுற்று வர வேண்டும். பேனலுக்கும் தகட்டுக்கும் இடையே 10 செ.மீ. போல இடைவெளி இருந்தால் காற்று ஓடும். பேனல் ஒவ்வொரு டிகிரி சூடேறும்போதும் 0.3 சதவீதத்துக்கு மேல் மின்சாரம் குறையும். வயரைத் தகட்டில் படுக்கப் போடாமல் ரெயிலோடு கட்டச் சொல். அப்புறம் மாடிப்படிக்கு மேலே வெளிச்சத்துக்குப் போட்ட கண்ணாடி மாதிரித் தகட்டில் யாரும் கால் வைக்கக் கூடாது. அது ஆளைத் தாங்காது. பனி ஈரம் காய்வதற்கு முன்னால் ஏறவும் விடாதே, கயிறும் பெல்ட்டும் இல்லாமல் ஏறவும் விடாதே.

சித்தி: அந்த ஆட்களும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்தான்

அம்மா: (குரல் பதிவு, 0:18)

நான்: கூரை அதிக நாள் இருக்குமா, பேனலா என்று கேட்கிறார்.

மாமா: கூரைதான் அக்கா. பேனலுக்கு 25 வருடம் உத்தரவாதம் கொடுக்கிறார்கள். ஓட்டை விழாமல் பார்த்துக்கொண்டால் கூரை 40 வருடத்துக்கு மேல் நிற்கும். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். நாளைக்குப் பேனலைக் கழற்றினாலும் கிளாம்ப் இருந்த இடத்தில் சின்னக் குழிதான் தெரியும்.

அத்தான்: அப்படியானால் ஞாயிறு இல்லை, அடுத்த ஞாயிறு என்று சொல்லிவிடட்டுமா?

அக்கா: இந்த ஞாயிறே வந்து அளவு மட்டும் எடுத்துப்போகட்டும், பென்சில் குறியையும் துடைத்தது போல இருக்கும்

பெரியண்ணன்: நான் அடுத்த ஞாயிறுதான் வர முடியும். நான் வராமல் மேலே எதையும் மாட்ட வேண்டாம்.

அக்கா: சரி, பேசிப் பார்க்கிறேன்

குட்டி: (படம்)

மாமா: இது தெளிவாக இருக்கிறது. இரட்டை மடிப்பு. உயரம் 38 மி.மீ. மாதிரி தெரிகிறது, ஆனாலும் ஒருவர் ஏணி வைத்து நேரில் அளந்து சொல்ல வேண்டும். குட்டி இல்லை, பெரியவர்கள் யாராவது.

அத்தான்: நான் அளக்கிறேன். ஏணி எங்கே?

அக்கா: உங்கள் தம்பி வீட்டில் இல்லையா?

அத்தான்: அவன் போன மாதமே திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்கிறான்

சித்தி: இங்கே வரவில்லை