"செயற்கை நிலநடுக்கம்" வேண்டாம், "ஒப்புருத் தரையசைவு" சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம். "சிமுலேட்டட் கிரவுண்ட் மோஷன்"ங்கிறதுக்கு, அதாவது நிலநடுக்கத்துல தரை ஆடுறத கம்ப்யூட்டர்ல உருவாக்கிப் பாக்கறதுக்கு, தமிழ்ல என்ன சொல் வைக்கலாம்னு பேசிட்டிருந்தோமே, அதுக்கு என் பதில் இது.

> "செயற்கை நிலநடுக்கம்"னே வச்சிடலாமே தம்பி, படிக்கிறவங்களுக்கு ஒடனே புரியும்.

புரியும் அண்ணே, ஆனா தப்பா புரியும். செயற்கை நிலநடுக்கம்னு கேட்டா கல்குவாரியில வெடி வைக்கிறதையோ அணுகுண்டு சோதனையையோதான் நெனைப்பாங்க. கம்ப்யூட்டர்ல நாம உண்டாக்கறது நிலநடுக்கமே இல்ல, ஒரு குறிப்பிட்ட எடத்துல தரை எப்படி ஆடும், நொடிக்கு நொடி முடுக்கம் எவ்வளவு ஏறி எறங்கும்னு காட்டுற ஒரு பதிவு, அவ்வளவுதான். நடுக்கம் வேற, அசைவு வேற. இத பிரிக்காத சொல்ல நான் ஏத்துக்க மாட்டேன்.

நம்ம ஊரையே எடுத்துக்குங்க. 2005ல இந்தோனேசியாவோட நியாஸ் தீவு பக்கம் 8.6 அளவுல நிலநடுக்கம் வந்துச்சே, அங்க மார்ச் 28 ராத்திரி, நமக்கு 29 பொறந்து சில நிமிஷம், அங்கேருந்து சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கோலாலம்பூர்லயும் பினாங்குலயும் அடுக்குமாடியில இருந்தவங்கல்லாம் பயந்து கீழ எறங்கிட்டாங்க. ஏன் அடுக்குமாடி? வேகமான அதிர்வெல்லாம் அவ்ளோ தூரம் வர்றதுக்குள்ள மங்கிடும், மெதுவான நீண்ட அலைதான் மிஞ்சும், 20 மாடிக் கட்டடத்தோட சொந்த ஆட்டமும் ஏறக்குறைய 2 நொடிக்கு ஒரு தடவைங்கறதால அது அலையோட சேர்ந்து ஆடும், தரை வீடு அந்த மாதிரி ஆடாது. 1985 மெக்சிகோ நகரம் இதவிட மோசம், நடுக்கத்தோட மையம் 350 கிலோமீட்டருக்கு மேல தூரத்துல, ஆனா பழைய ஏரிப்படுகை சேத்துமேல பதிவான உச்ச முடுக்கம் அதே ஊர்ல பாறைமேல பதிவானதப் போல சுமார் 5 மடங்கு. நடுக்கம் ஒண்ணுதான், தரையசைவு எடத்துக்கு எடம் வேற. கடல மேடாக்கி கொண்டோ கட்டுற பினாங்குல இருக்கறவங்க இத மறக்கவே கூடாது.

"நில அதிர்வு"ன்னு சிலர் சொன்னீங்க. நல்ல சொல்தான், ஆனா பத்திரிகைக்காரங்க அத நிலநடுக்கத்துக்கே போட்டுப் பழகிட்டாங்க, இனி மீட்க முடியாது. மலாய்ல பாருங்க, கெம்பா பூமி (நிலநடுக்கம்) வேற, கெகாரான் (அதிர்வு) வேற, செய்தி வாசிக்கிறவங்க சரியா பிரிச்சு சொல்றாங்க. நமக்கும் "தரையசைவு" அந்த வேலைய செய்யும்.

> ஸ்டொக்காஸ்டிக்குக்கு (தற்செயலா மாறுறதுக்கு) "சமவாய்ப்பு" போதாதா? தமிழ்நாட்டு பாடநூல்ல அதான் இருக்கு.

இருக்கு அக்கா, சமவாய்ப்பு மாறின்னு போட்டிருக்காங்க. ஆனா எல்லா மதிப்புக்கும் சமமான வாய்ப்புன்னு தோணிடுது, இங்க அப்படி இல்லவே இல்ல. உச்ச முடுக்கத்தோட இயல் மடக்கை எடுத்தா ஏறக்குறைய இயல்நிலைப் பரவல்ல வருது, அதுல சிக்மா, அதாவது திட்ட விலக்கம், 0.6ன்னு வச்சுக்குங்க, ஒரு சிக்மா மேல போனாலே நடுமதிப்பப் போல 1.8 மடங்கு. எலங்கைல "எழுமாற்று"ன்னு சொல்றாங்க, அதுல சமம்ங்கிற பேச்சே இல்ல, என் ஓட்டு அதுக்குத்தான்.

அடுத்து சிமுலேஷன். "போலி"ன்னா ஏமாத்து வேலை, "புனைவு"ன்னா கதை. இதுல கற்பனை எதுவும் கெடையாது. நிலநடுக்க ஆய்வாளர் டேவிட் பூர் 1983ல எழுதின முறையில மொதல்ல ஒரு எழுமாற்று இரைச்சல் எடுக்கறோம், அது மெதுவா எழுந்து அடங்குற மாதிரி ஒரு உறையில போடறோம், அதிர்வெண்ணுக்கு மாத்தி, பிளவு எவ்வளவு ஆற்றல விட்டுச்சு, வழியில எவ்வளவு தேஞ்சுச்சு, நம்ம மண்ணு எவ்வளவு பெருக்குச்சுங்கிற மூணையும் பெருக்கி, திரும்ப நேரத்துக்கு கொண்டு வர்றோம். இரைச்சல மாத்தினா வேற பதிவு வரும், ஆனா எல்லாமே அதே நடுக்கத்துக்கு நடந்திருக்கக்கூடியது. அதனால "ஒப்புரு", அதாவது நெசத்த ஒத்த உரு, முழுசா "ஒப்புருத் தரையசைவு". எழுமாற்று முறையில செஞ்சதுன்னா "எழுமாற்று ஒப்புரு".

மாடலுக்கு வெறும் "மாதிரி"ன்னு போடாதீங்க, சாம்பிளுக்கும் அதேதான் இருக்கு, புள்ளியியல் கட்டுரையில ரெண்டும் ஒரே வரியில வந்தா படிக்கிறவங்க தலை சுத்திடும். "மாதிரியுரு" போதும்.

இதெல்லாம் நிக்குமான்னு ஒரு வாக்கியம் எழுதிப் பாத்தேன்: "தரையசைவு மாதிரியுருவில் சிக்மாவுக்கு இரு பங்குகள், ஒன்று நிலநடுக்கத்துக்கு நிலநடுக்கம் வரும் வேறுபாடு, மற்றது ஒரே நிலநடுக்கத்துக்குள் இடத்துக்கு இடம் வரும் வேறுபாடு." இதே வாக்கியத்த "நில அதிர்வு" போட்டு எழுதுங்க, ரெண்டு பங்கும் ஒண்ணாக் கொழம்பிடும். "ஒப்புரு"வவிட நல்லது யாராச்சும் வச்சிருந்தா சொல்லுங்க, மாத்திக்கலாம், "தரையசைவு" மட்டும் விட்டுக்குடுக்க எனக்கு மனசில்ல.