1928-இல் டைம்ஸ் கோபுரத்தைச் சுற்றி மின்னெழுத்துகள் ஓடியது எப்படி?

கேள்வி – இளவேனில்

நியூயார்க்கின் டைம்ஸ் கோபுரத்தைச் சுற்றி ஓடிய மின்னெழுத்துச் செய்திப் பலகை, ஹூவரும் ஆல் ஸ்மித்தும் போட்டியிட்ட அதிபர் தேர்தலின் முடிவுகளை அறிவிப்பதற்காக 1928 நவம்பர் 6 அன்று முதன்முதலாக இயக்கப்பட்டது. இன்றைய எல்இடி பலகைகளில் ஒரு சிறு சில்லு செய்தியை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, எந்தப் புள்ளி எப்போது எரிய வேண்டும் என்று கணக்கிடுகிறது. டிரான்சிஸ்டரே பிறந்திராத அந்தக் காலத்தில் இது எவ்வாறு முடிந்தது? மோட்டாரால் சுழலும் உருளையில் தொடுமுனைகளைப் பொருத்தி விளக்குகளை ஏற்றி அணைத்திருப்பார்கள் என்றால், அதில் ஒரே காட்சிதானே திரும்பத் திரும்ப வரும்? மணிக்கு மணி மாறும் செய்தியை எப்படிக் காட்டினார்கள்?

பதில் – செம்புக்கம்பி

சுழலும் உருளை பற்றி நீங்கள் சொல்வது சரியே. 1910-இல் அதே நகரத்தின் ஹெரால்டு சதுக்கத்தில் ஏறத்தாழ 20,000 விளக்குகளால் ஒரு தேரோட்டப் பந்தயத்தையே காட்டினார்கள். ஆனால் அந்தத் தேர்கள் ஓடிய ஓட்டத்தையேதான் மீண்டும் மீண்டும் ஓடின. டைம்ஸ் கோபுரத்துப் பலகையை வடிவமைத்த ஃபிராங்க் ரைலி வேறு வழியில் சென்றார்.

ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மெல்லிய தகடு உண்டு. ஊழியர் ஒருவர் அச்சுக்கோப்பவரைப் போலவே அறைகளிலிருந்து இந்தத் தகடுகளை எடுத்து, சொற்களுக்கிடையே இடைவெளியும் விட்டு, ஒரு சட்டத்தில் செய்தியைக் கோத்துவிடுவார். நிரம்பிய சட்டத்தைத் தடம் ஒன்றின் முனையில் செருகினால், சங்கிலி அதை இழுத்துச் செல்லும். அந்தத் தடத்தில் 39,000-க்கும் மேற்பட்ட பிரஷ்கள், அதாவது மின்சாரத்தைக் கடத்தும் தொடுமுனைகள், இருந்தன. எழுத்தின் உருவம் எந்த பிரஷ்ஷைத் தொடுகிறதோ, அதற்குரிய மின்சுற்று மூடி, வெளியே அதற்குரிய விளக்கு எரியும். எழுத்து நகர்ந்ததும் அது அணைந்து அடுத்த விளக்கு எரியும்.

ஆகவே அங்கே கணக்கிடுவதற்கு எதுவுமே இல்லை. செய்தி என்பது கையால் தொடக்கூடிய ஒரு பொருளாகக் கட்டடத்துக்குள் உண்மையிலேயே நகர்ந்துகொண்டிருந்தது. வெளியே மக்கள் பார்த்தது அந்த நகர்வின் பெரிதாக்கப்பட்ட பிரதி. விலை மலிவான ஏற்பாடு என்று மட்டும் சொல்ல முடியாது: 14,800 விளக்குகள், பற்றவைத்த 88,000 கம்பி இணைப்புகள், 400 கிலோமீட்டருக்கும் அதிகமான கம்பி.

இளவேனில்

மிக்க நன்றி ஐயா. இன்னும் இரண்டு ஐயங்கள். உள்ளே நேராகச் செல்லும் தடம், வெளியே கட்டடத்தின் மூலைகளில் எப்படித் திரும்பியது? எழுத்துகள் எவ்வளவு வேகத்தில் ஓடின?

செம்புக்கம்பி

மூலை ஒரு சிக்கலே அல்ல. பிரஷ்களும் விளக்குகளும் ஒரே வரிசை முறையில் இணைக்கப்பட்டிருந்தால் போதும். இடையிலுள்ள கம்பி எப்படி வேண்டுமானாலும் வளைந்து செல்லலாம். 380 அடி நீளப் பலகை கோபுரத்தைச் சுற்றி வளைந்திருந்தது என்பது, உள்ளே இருந்த தடத்துக்குத் தெரியவே தெரியாது.

வேகத்தை ரைலியின் கணக்கிலிருந்தே ஊகிக்கலாம். மணிக்கு 26 கோடிக்கும் மேற்பட்ட ஒளிர்வுகள் என்று அவர் கணக்கிட்டிருந்தார். அதை 14,800 விளக்குகளுக்குப் பகிர்ந்தால், விளக்கு ஒன்றுக்கு நொடிக்கு ஏறக்குறைய ஐந்து ஒளிர்வுகள் வருகின்றன. ஓர் எழுத்து கடக்கும்போது ஒரு விளக்கு சராசரியாக இரண்டு முறை மின்னும் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு இரண்டு அல்லது மூன்று எழுத்துகள். நின்று நிதானமாக வாசிக்கக்கூடிய வேகம்தான்.

பதில் – மின்னிழை

இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். முதலாவது, விளக்கைப் பற்றியது. மின்னிழை விளக்கு மின்சாரம் நின்ற கணமே இருண்டுவிடாது. இழை குளிர வேண்டும். தடித்த இழை மெதுவாகக் குளிர்வதால் எழுத்துக்குப் பின்னால் ஒளி வால்போல் நீளும். எனவே இத்தகைய பலகைகளுக்கு மெல்லிய இழை கொண்ட குறைந்த வாட் விளக்குகளே ஏற்றவை. பிரஷ்களில் அழுக்குப் படிந்தாலும் தெருவில் எழுத்து மங்கும் என்பதால், டைம்ஸ் கோபுரத்தில் நள்ளிரவில் சட்டங்களை இறக்கிவிட்டு பிரஷ்களைத் துடைத்தார்கள்.

இரண்டாவது, தகடுகளைக் கோக்கும் முறைக்கு மாற்றாகத் துளையிட்ட காகித நாடாவும் பிற்காலப் பலகைகளில் பயன்பட்டது. காகிதம் மின்சாரத்தைக் கடத்தாது. துளை வரும் இடத்தில் மட்டும் மேலே உள்ள பிரஷ் கீழே உள்ள உலோகத் தகட்டைத் தொட்டுச் சுற்றை மூடும். நாடாவைச் சேமித்து வைத்து மறுபடியும் ஓட்டலாம் என்பது இதன் பெரும் வசதி. என் பார்வையில் இதைவிடவும் துணிச்சலான முயற்சி, 1930-களின் பிற்பகுதியில் விளம்பரப் பலகை வடிவமைப்பாளர் டக்ளஸ் லீ டைம்ஸ் சதுக்கத்துக்குக் கொண்டுவந்த எபோக் முறை. அதில் பிரஷ்களுக்குப் பதிலாக வெளிச்சத்தை உணரும் ஒளிமின்கலங்களின் வரிசை இருந்தது. அதன்மீது திரைப்படச் சுருளை ஓட்டினால், ஒவ்வொரு கலத்தின்மீதும் விழும் வெளிச்சம் அதற்குரிய விளக்கை இயக்கும். எழுத்து மட்டுமல்லாமல் கேலிச்சித்திர உருவங்களும் அதில் ஆடின.