மகளுக்கு அறிவியல்நகர் கிடைத்திருக்கு: நானும் கூடப் போய் இருப்பதா?

வெள்ளவத்தை அம்மா:
மகளுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் கிடைத்திருக்கு. பீடம் இருப்பது யாழ்ப்பாணத்தில் இல்லை, கிளிநொச்சி அறிவியல்நகரில். கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகம் தட்டிப் போய்விட்டது. அவள் ஒருநாளும் வீட்டைவிட்டுத் தனியே இருந்ததில்லை. முதல் வருசம் மட்டும் கிளிநொச்சியில் ஒரு சின்ன வீடு வாடகைக்கு எடுத்து, நானும் கூட இருந்து சமைத்துக் கொடுக்கலாம் என்று யோசிக்கிறேன். இவர் புறக்கோட்டைக் கடையை விட்டு அசைய முடியாது, மகன் அடுத்த வருசம் ஓ.எல். (சாதாரண தரச்) சோதனை எடுக்கிறான். இவர் வேண்டாம் என்கிறார். பிள்ளைகளைத் தூரத்தில் படிக்க விட்டவர்கள் சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனைத் தகப்பன்:
போகாதீங்கோ தங்கச்சி. என் மகன் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். வாடகைக் கணக்கை ஒருபக்கம் வையுங்கோ. பொறியியல் தனியே இருந்து படிக்கிற படிப்பு இல்லை. ஆய்வுகூட வேலை குழுவாகத்தான். சோதனை கிட்டினால் விடுதியில் விடியவிடிய ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக் கொடுப்பார்கள். பின்னேரமானால் அம்மாவிடம் ஓடுகிற பிள்ளைக்கு அது கிடைக்காது. படிப்பும் ஆங்கிலத்தில். தமிழில் ஏ.எல். (உயர்தரம்) செய்த பிள்ளைக்கு முதல் மாதங்களில் விரிவுரை பாதி விளங்காது, அப்போது கைகொடுப்பது பக்கத்துக் கட்டில் பிள்ளைதான். ஓ.எல். எடுக்கிற மகனையும் யோசியுங்கோ.

தெஹிவளை அம்மா:
அண்ணா, கைகொடுக்கிற பிள்ளைகளைச் சொல்கிறீங்கள், வதைக்கிற பிள்ளைகளைச் சொல்லவில்லையே. என் மூத்தவள் வேறொரு கம்பஸ். சேர்ந்த புதிதில் ஒவ்வொரு நாளும் போனில் "சுகமாய் இருக்கிறன்" என்பாள். சொல்லாமல் போய் நின்றபோதுதான் கண்டேன். இரட்டைப் பின்னல் இறுக்கிக் கட்டி, சீனியர்கள் போடச் சொன்ன நீளப் பாவாடையோடு, நித்திரை இல்லாமல் கண் உள்ளே போய், எதிரில் யார் வந்தாலும் தலையைக் குனிகிறாள். என்னைக் கண்டதும் வாயே திறக்கவில்லை. என் கைப்பை வாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

1997 இல் பேராதனையில் பொறியியல் படிக்கப் போன ஒரு தமிழ்ப் பிள்ளை சீனியர்களின் பகிடிவதையால் செத்தது. அதற்குப் பிறகுதான் 1998 இல் பகிடிவதையைத் தடைசெய்கிற 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் வதை நின்றதா? பக்கத்தில் தாய் இருந்தால் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாள். வசதி இருந்தால் போங்கோ தங்கச்சி.

கொட்டாஞ்சேனைத் தகப்பன்:
நீங்கள் பட்டது பொல்லாத பாடு. ஆனால் பகிடிவதை நடப்பது கம்பஸுக்குள்ளே, விடுதிக்குள்ளே. கிளிநொச்சியில் வாடகை வீட்டில் இருக்கிற தாய் அங்கே நுழைய முடியாது. அந்தச் சட்டத்தில் 2 வருசம் வரை கடூழியச் சிறை இருக்கு, பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ என்றால் 10 வருசம் வரை. அது வேலைசெய்ய முறைப்பாடு வேணும், அதற்குப் பிள்ளை வாய்திறக்க வேணும்.

"சாப்பிட்டியா, படிச்சியா" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் வரும். நான் மகனிடம் "இண்டைக்கு யாரோட சாப்பிட்டாய், என்ன கதைச்சீங்கள்" என்று கேட்பேன். பதில் சுணங்கினால் ஏதோ இருக்கு என்று தெரியும். படிப்பை விட்டிட்டு வந்தாலும் வீட்டில் ஏச்சு விழாது என்று போகமுன்னமே சொல்லிவையுங்கோ. விடுதிப் பொறுப்பாளர், மாணவ ஆலோசகர் இவர்களின் இலக்கங்களை முதல் நாளே வாங்கி நீங்களும் வைத்திருங்கோ. சரிவராவிட்டால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு நேரே முறையிடலாம்.

அறிவியல்நகர் மாணவி:
அன்ரி, நான் பம்பலப்பிட்டி, இங்கே மூன்றாம் வருசம். சாப்பாட்டுக்காக வராதீங்கோ. வெயிலும் தூசும் முதலில் வாட்டும், பிறகு பழகிவிடும். சிங்களப் பிள்ளைகளும் எங்களோட படிக்கினம். கொழும்பில் வளர்ந்து சிங்களம் தெரிந்தது எனக்கு இங்கே பெரிய உதவி.

வீட்டிலிருந்து எனக்கு வேண்டியது காசுதான். அதிகம் வேண்டாம், திகதி தவறாமல் வரவேணும். அரசாங்கம் மாதாமாதம் தருகிற மகாபொல உதவிப்பணத்தை 2025 இல் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகக் கூட்டினார்கள். ஆனால் புதிதாய்ச் சேர்ந்தவர்களுக்கு அது கைக்கு வரச் சுணங்கும், அதை நம்பி வரக்கூடாது. அப்பா முதலாம் திகதி போட்டுவிடுவார், கணக்குக் கேட்கமாட்டார். வீட்டில் முட்டுப்பாடான மாதம் "இந்தமுறை இவ்வளவுதான் பிள்ளை" என்று நேரே சொன்னார். அதுக்குப் பிறகு எனக்கும் வேணும் என்றால் கேட்க வெட்கமில்லை. வீட்டுக் கஷ்டம் தெரிந்து, காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருக்கிற பிள்ளைகளை இங்கே கண்டிருக்கிறன்.

அம்மா இரவு பஸ்ஸில் சீனிச்சம்பல் அனுப்புவா. ஜாம் போத்தல் மூடிக்குக் கீழே பொலித்தீன் வைத்து இறுக்கி, பழைய வீரகேசரியில் சுற்றியிருப்பா. எங்கட அறை முழுக்க அதைப் பாணோட சாப்பிடும். முதல் வருசம் நான் சினேகிதம் பிடித்ததே அந்தப் போத்தலால்தான்.

தெஹிவளை அம்மா:
நீ நல்லாய்ச் சமாளித்திருக்கிறாய் பிள்ளை, சந்தோசம். ஆனால் சமாளித்த பிள்ளைகள்தான் இங்கே வந்து எழுதுகிறீங்கள். இடையில் விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறதுகள் எழுதுவதில்லை. அண்ணா, நானும் மகளோடு ஒளிவுமறைவில்லாமல்தான் பழகினேன். அப்படியிருந்தும் பயம் அவள் வாயைக் கட்டிப்போட்டது. ஒரு வருசம் வேண்டாம், முதல் அரையாண்டாவது பக்கத்தில் இருங்கோ தங்கச்சி. மகனைத் தகப்பன் பார்க்கட்டும். ஓ.எல். பிள்ளையைத் தாய்தான் பார்க்கவேணும் என்று எங்கே எழுதியிருக்கு?

கொட்டாஞ்சேனைத் தகப்பன்:
புறக்கோட்டையில் கடை பூட்டி வெள்ளவத்தைக்கு வந்துசேர இரவாகிவிடும். பெடியன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து அதுவரை யாரோடு இருப்பான்? ஒரு பிள்ளைக்காக மற்றப் பிள்ளையைத் தனியே விடுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

வெள்ளவத்தை அம்மா:
எல்லாருக்கும் நன்றி. மகளையும் வாசிக்க வைத்தேன். விடுதியில்தான் இருப்பேன் என்கிறாள், பதிவுக்கு மட்டும் என்னைக் கூட வரச் சொல்கிறாள். வீடெடுக்கிற யோசனையை விடுகிறேன். ஆனால் தெஹிவளை அக்கா சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை சொல்லாமலே போய் நிற்கப்போகிறேன். பிள்ளை, வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறினால் எங்கே இறங்குவது?

அறிவியல்நகர் மாணவி:
பஸ் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கும், அப்போதே முழித்துக்கொள்ளுங்கோ. அங்கிருந்து கிளிநொச்சிப் பக்கம் போக, டவுனுக்கு முன்னமே அறிவியல்நகர் வரும். நடத்துனரிடம் கம்பஸ் வாசல் என்று ஏறும்போதே சொல்லிவையுங்கோ, இல்லாவிட்டால் டவுனுக்குப் போய்த் திரும்பி வரவேணும். ஆனால் சொல்லிவிட்டு வாங்கோ அன்ரி. திடீரென்று வந்து நின்றால் அம்மா என்னை நம்பவில்லை என்றுதான் அவள் நினைப்பாள்.

தெஹிவளை அம்மா:
சொல்லாமலே போங்கோ தங்கச்சி. நான் சொல்லிவிட்டுப் போயிருந்தால் என் மகள் பின்னலை அவிழ்த்து, முகத்தைக் கழுவி, சிரித்துக்கொண்டு வாசலுக்கு வந்திருப்பாள்.