புதுப்பிப்பு: ஸ்காட்டிஷ் மரபு விருந்துக்குப் போய்வந்தேன்

அமெரிக்காவில் எங்கள் பிரெஸ்பிட்டேரியன் சபையில் (ஸ்காட்லாந்தில் வேரூன்றிய புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவு) ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஸ்காட்டிஷ் மரபு விருந்து, ஸ்காட்லாந்து வழி வராத நான் போகலாமா, என்ன செய்துகொண்டு போவது என்று இங்கே கேட்டிருந்தேன் இல்லையா? போய்வந்தாச்சு. தயங்குகிறவர்கள் தாராளமாகப் போங்கள்.

ஆராதனை வழக்கம்போல்தான், ஆனால் பேக்பைப் முழங்க ஒவ்வொரு குடும்பமும் தன் டார்ட்டன் துணியை (ஸ்காட்லாந்து மலைநாட்டு உடைக்கான கட்டம் போட்ட துணி) ஏந்தி வர, போதகர் அவற்றை ஆசீர்வதித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இது அந்த உடைக்குத் தடை இருந்த காலத்தில் பிறந்த பழைய ஸ்காட்லாந்து வழக்கம் என்று ஒருவர் சொல்லியிருந்தீர்கள். அப்படி இல்லை. மலைநாட்டு உடைக்கு 1746இல் வந்த தடைச் சட்டம் 1782 வரை இருந்தது உண்மைதான், ஆனால் இந்த ஆசீர்வாதத்தை 1941இல் அமெரிக்காவில் தொடங்கியவர் ஸ்காட்லாந்தில் பிறந்த போதகர் பீட்டர் மார்ஷல்.

அப்புறம் சாப்பாடு. ஹாகிஸை (ஆட்டு உள்ளுறுப்புகளையும் ஓட்ஸையும் உறையில் அடைத்து வேகவைத்தது) கத்தியால் கீறியதும் ஆவியோடு மிளகும் ஈரலும் மணந்தன, ஓட்ஸ் உதிரி உதிரியாக விழுந்தது. வழக்கமாக ஹாகிஸில் சேரும் நுரையீரலை அமெரிக்காவில் உணவில் சேர்க்க அனுமதி இல்லை, அதனால் ஓட்ஸோடு ஆட்டு ஈரல், இதயம், வெங்காயம், கொழுப்பு மட்டும். பக்கத்திலேயே மசித்த டர்னிப்பும் உருளைக்கிழங்கும். ஈரல் வறுவல் பிடித்தவர்களுக்குக் கட்டாயம் பிடிக்கும்.

நான் கொண்டுபோனது ஷார்ட்பிரெட் என்ற ஸ்காட்டிஷ் வெண்ணெய் பிஸ்கட்: சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு, மாவு மூன்று, அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி இரண்டு துண்டு எடுத்து, ஒன்றைக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டார்.