தெக்கு வீட்டு வாட்ஸ்அப் குழு: சுபாவின் ஆஸ்பத்திரிப் பை

(செவ்வாய், இரவு)

விஜயா: எல்லாரும் பாருங்கள். இன்று ஸ்கேனிலும் பிள்ளையின் தலை கீழே வரவில்லை, சிசேரியன்தான் என்று சொல்லிவிட்டார்கள். நாளை மதியம் ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், வியாழன் காலை ஆபரேஷன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லதா, பையில் என்னென்ன வைக்க?

பாபு: தனியாரில் காட்டலாம் என்று அப்போதே சொன்னேன்.

விஜயா: அண்ணா, இப்போது அது வேண்டாம்.

பாபு: சரி. வண்டி நான் கொண்டு வருகிறேன்.

ஷீபா: பெட்ரோல் போட்டுக்கொண்டு வாருங்கள்.

லதா: அக்கா, பயப்படாதே. இத்தனை வருஷம் பிரசவ வார்டில் நின்றவள் சொல்கிறேன், ஒரே பெரிய பையில் எல்லாவற்றையும் திணிக்காதே. மூன்றாகப் பிரி. முதல் பை ஃபைல் மட்டும்: ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ரத்தப் பிரிவு எழுதிய சீட்டு, தாய் சேய் அட்டை, ஆதார், பேங்க் புத்தகம். கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த பிக்மி நம்பரைத் தனியாக ஒரு தாளிலும் எழுதி வை, பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள். இந்தப் பை உன் தோளில்தான் இருக்க வேண்டும், வண்டியில் வைத்துவிட்டு இறங்காதே. அஜின் பிறந்தபோது நடந்தது நினைவிருக்கும்.

அஜின்: என்ன நடந்தது?

ஷீபா: உன் மாமா ஃபைலோடு திருவனந்தபுரம் போய்விட்டார்.

பாபு: டிக்கியில் இருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

விஜயா: அன்று எனக்கு மறுபடியும் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள் அண்ணா.

பாபு: 👍

சுபா: சித்தி, எனக்கு என்ன உடுப்பு எடுக்க? புது நைட்டி இரண்டு வாங்கினேன்.

லதா: மக்களே, இரண்டாவது பை உனக்கு. நைட்டி முன்பக்கம் திறக்கிறதா என்று பார். பால் கொடுக்க அதுதான் வசதி. நான்கு வேண்டும், இந்த மழையில் துவைத்தால் காயாது. பாவாடை வேண்டாம், நாடா தையல்மேல் நின்று அழுத்தும். ஜட்டியும் தொப்புளுக்கு மேலே ஏறுகிற பெரிய காட்டன் ஜட்டியாக எடு. பெரிய பேட் இரண்டு பாக்கெட் வாங்கு, வயிற்றைக் கீறி எடுத்தாலும் ரத்தப்போக்கு இருக்கும், நிறைய பேர் அது தெரியாமல் திணறுவார்கள். செருப்பு வார் மாட்டுகிறது வேண்டாம், குனிய முடியாது, சும்மா நுழைக்கிறது போதும். ஒரு சின்னத் தலையணை. இருமலோ தும்மலோ வந்தால் அதைத் தையல்மேல் அணைத்துப் பிடித்துக்கொள், வலி குறையும். முதுகில் ஊசி போட்டு முடித்ததும் சிலருக்குக் கிடுகிடுவென்று குளிர் நடுங்கும், அதற்கு ஒரு போர்வை. வளையும் ஸ்ட்ரா நான்கு, படுத்துக்கொண்டே தண்ணீர் குடிக்க. சார்ஜர் நீள வயராக இருக்கட்டும்.

அஜின்: சித்தி, ஆச்சி கேட்கிறார், நேரம் பார்த்தாயிற்றா? ஒன்றரை முதல் மூன்று ராகு காலமாம்.

லதா: நேரம் தியேட்டரில் டாக்டர் சொல்கிறதுதான். காலையில்தானே, அதற்குள் முடிந்துவிடும் என்று சொல்.

அஜின்: வளைகாப்பு வளையலைக் கழற்றக் கூடாதாம், பிள்ளை பிறந்த பிறகுதானாம்.

லதா: கையில் ஊசிக் குழாய் ஏற்றுவார்கள், விரலில் கிளிப் மாட்டுவார்கள். வளையல், கம்மல், நகப்பூச்சு எதுவும் ஆகாது. வளையலை எண்ணி ஒரு டப்பாவில் போட்டு ஆச்சி கையிலேயே கொடு, பிள்ளை வந்ததும் அவரே மாட்டட்டும்.

அஜின்: சரி என்கிறார். முகம் சரியில்லை.

ஷீபா: காலையில் ஒரு டம்ளர் ஹார்லிக்ஸாவது கொடுக்கலாமே, வெறும் வயிற்றில் எப்படி?

லதா: மைனி, கூடவே கூடாது. ஆபரேஷனுக்கு 6 மணி நேரம் முன்பே சாப்பாடு நிறுத்துவார்கள், பாலும் அந்தக் கணக்குதான். வயிறு நிறைந்திருந்தால் வாந்தி நுரையீரலுக்குள் போகும். தண்ணீர்கூட மயக்க டாக்டர் சொல்கிற மணி வரைதான்.

பாபு: மட்டி வாழைக்குலை ஒன்று பழுத்து நிற்கிறது. வார்டுக்குக் கொண்டு வரவா?

விஜயா: அண்ணா, குலையோடு வராதே.

சுரேஷ்: மாமி, எனக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது. வியாழன் மதியம் திருவனந்தபுரம் இறங்குவேன். சுபா போனை எடுக்கவில்லை.

சுபா: ஆச்சியோடு இருந்தேன். பேசலாம்.

லதா: மூன்றாவது பை பிள்ளைக்கு. அப்பாவின் பழைய வேட்டி இரண்டு அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும், துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆனவை. அதைக் கை அகலத் துண்டுகளாகக் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயில் இல்லாததால் இரண்டு பக்கமும் இஸ்திரி போட்டுக் காயவை. ஓரத்தில் நூல் தொங்கினால் வெட்டிவிடு, பிஞ்சு விரலில் சுற்றிக்கொள்ளும். தொப்பி, காலுறை, சுற்ற ஒரு துவர்த்துத் துண்டு. பவுடர், மை எதுவும் வேண்டாம்.

விஜயா: அப்பாவின் வேட்டியையா கிழிக்க?

லதா: அப்பா இருந்திருந்தால் அவரே கிழித்துக் கொடுத்திருப்பார் அக்கா.

விஜயா: சரி.

ஷீபா: பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பாகச் சேனை யார் தொட்டு வைக்கிறது? உங்கள் அண்ணன்தான் மூத்தவர்.

அஜின்: மாமா எனக்கு வைத்ததால்தான் நான் இவ்வளவு பேசுகிறேன் என்று அம்மா சொல்வார்.

லதா: சேனை வேண்டாம், தேனும் வேண்டாம், சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும்.

பாபு: ஒரு சொட்டில் என்ன வந்துவிடும்?

லதா: அண்ணா, அந்த ஒரு சொட்டில் வயிற்றுப்போக்கு வந்து வார்டுக்குத் திரும்பிய பிள்ளைகளை நான் தூக்கியிருக்கிறேன்.

பாபு: பிறகு பேசலாம்.

விஜயா: ராத்திரி துணைக்கு யார்? ஒரு பெண்ணைத்தான் உள்ளே விடுவார்களாம்.

ஷீபா: முதல் ராத்திரி நான் நிற்கிறேன்.

லதா: நான் நிற்கிறேன் மைனி. உங்களுக்கு முட்டுவலி.

ஷீபா: என் முட்டு எனக்குத் தெரியும்.

விஜயா: நாளைக்குப் பேசலாம்.

(இரவு 10.40)

சுபா: சித்தி, மூன்று பையும் கட்டியாயிற்று. வேட்டித் துண்டு 22 வந்தது. அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டே அழுகிறார்.

லதா: அழட்டும் மக்களே. ஸ்ட்ரா வைத்தாயா?

சுபா: அய்யோ.

அஜின்: தக்கலையில் கடை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.